சிட்டையும் பேரேடும்: ஒரு கேஷ் டிஸ்க்கின் வரலாறு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



விண்டோஸ் 95 காலத்துக் கம்ப்யூட்டரை உங்கள்ல யாராவது அணைச்சுப் பார்த்திருக்கீங்களா? ஷட்டவுன் கொடுத்ததும் திரை கறுப்பாயிடும். நடுவுல ஆரஞ்சு நிறத்துல ஒரு வரி வரும். 'இப்போ அணைக்கலாம், பாதுகாப்புதான்'னு அதுக்கு அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் நாம கையால சுவிட்சை அணைக்கணும். ஸ்கூல் லேப்ல அந்த வரி வர்றதுக்குள்ள கை வச்சா திட்டு விழும்.

ஃபேனை அணைக்க ஃபேன்கிட்ட அனுமதி கேக்குறதில்ல. டியூப் லைட்டுகிட்டயும் கேக்குறதில்ல. கம்ப்யூட்டர் மட்டும் ஏன் 'கொஞ்சம் இரு'ன்னு சொல்லுது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா ஒரு நீளமான வரலாறு கிடைக்கும். அந்த வரலாறு போன வருஷம் கொருக்குப்பேட்டையில, எங்க தெருவுல, ஒரு பழைய லேப்டாப் வடிவத்துல வந்து நின்னுச்சு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

கடைக்காரரோட ரெண்டு நோட்டு

முதல்ல ஒரு மளிகைக் கடைக்குப் போவோம். சாயங்காலம் ஆறு மணி, கூட்டம். கடன் வாங்குறவங்க கணக்கை அண்ணாச்சி ஒரு சின்ன நோட்டுல கிறுக்கிக்கிட்டே இருப்பார். அது சிட்டை. ராத்திரி கடை சாத்தின பிறகு, அதைப் பார்த்து ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா பெரிய நோட்டுல எழுதுவார். அது பேரேடு. பேரேட்டுல பக்கம் தேடி எழுத நேரமாகும். கூட்டத்துக்கு நடுவுல அது முடியாது. அதனால இப்போதைக்கு சிட்டை, அப்புறம் பேரேடு.

கம்ப்யூட்டர்ல கேஷ்னு ஒண்ணு இருக்கே, அது இந்தச் சிட்டைதான். பிரெஞ்சு மொழியில 'ஒளிச்சு வை'ங்கிற சொல்லுல இருந்து வந்த பேரு.

அது ஏன் தேவைப்பட்டுச்சு? 1956-ல ஐபிஎம் கம்பெனி ராமாக்னு ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்துச்சு. உலகத்துல விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க் அதுல இருந்தது. 24 அங்குல விட்டத்துல 50 தட்டு. அத்தனையையும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்து. ஒரு தகவலை எடுக்க ஒரு கை மேலயும் கீழயும் நகர்ந்து, சரியான தட்டைக் கண்டுபிடிச்சு, உள்ளே போகணும். அரை வினாடிக்கும் மேல ஆகும். பிறகு வந்த டிஸ்க்குகள் எவ்வளவோ வேகம் பிடிச்சுது. ஆனாலும் இன்னைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு இடத்தைத் தேடிப் போக கிட்டத்தட்ட 10 மில்லி வினாடி எடுக்குது. ரேமுக்கு அதே வேலைக்கு 100 நானோ வினாடி போதும். வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு.

இப்படி மெதுவான பெரிய நினைவகத்துக்கு முன்னாடி வேகமான ஒரு சின்ன நினைவகத்தை வைக்கலாம்னு 1965-ல மாரிஸ் வில்க்ஸ் எழுதினார். கேம்பிரிட்ஜ்காரர், ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள்ல முக்கியமான எட்சாக்கைக் கட்டினவர். 1968-ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம் 360, மாடல் 85-ல இந்த யோசனை விற்பனைக்கு வந்துச்சு. கேஷ்ங்கிற பேரும் அப்போ ஒட்டினதுதான். அங்கே ரேமுக்கு முன்னாடி நின்ன சிட்டை, பிறகு டிஸ்க்குக்கு முன்னாடியும் வந்துச்சு.

படிக்கிறதுக்கு மட்டும் கேஷ் வச்சா பிரச்சினையே இல்ல. அது நகல். தொலைஞ்சா அசலைப் பார்த்துக்கலாம். எழுதுறதுக்கு வைக்கும்போதுதான் விஷயம் மாறுது. அதுல ரெண்டு வழி இருக்கு. சிட்டையில எழுதுற அதே நேரம் பேரேட்டுலயும் எழுதிடுறது ஒரு வழி. இதை ரைட் த்ரூன்னு சொல்றாங்க. இப்போதைக்குச் சிட்டையில மட்டும் எழுதிட்டு, 'எழுதியாச்சு'ன்னு சொல்லிட்டு, பேரேட்டுல அப்புறமா ஏத்துறது இன்னொரு வழி. இது ரைட் பேக். ரெண்டாவதுதான் வேகம். ஆனா அந்த இடைவெளியில அசல் சிட்டையில மட்டும்தான் இருக்கு. பேரேட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு நேத்து வரைக்கும்தான் தெரியும்.

'எழுதியாச்சு'ங்கிற வாக்குறுதி

1993 மார்ச்ல எம்எஸ் டாஸ் 6 வந்துச்சு. அதுல ஸ்மார்ட் டிரைவ்னு ஒரு கேஷ் புரோகிராம், ரைட் பேக் முறையில தானாவே ஓடும். ஆளுங்க வேலையை முடிப்பாங்க, வழக்கமா வர்ற கட்டளைக் குறி திரையில வந்துடும், முடிஞ்சுதுன்னு நினைச்சு அணைச்சிடுவாங்க. ஆனா கடைசி சில வினாடி எழுத்து இன்னும் ரேம்லதான் இருக்கும். அது போயிடும். புகார் குவிஞ்சுது. அதே வருஷம் நவம்பர்ல வந்த 6.2-ல, கேஷ்ல இருக்கிறதை முழுசா டிஸ்க்குல எழுதின பிறகுதான் கட்டளைக் குறியே வரும்னு மாத்தினாங்க. 1995-ல விண்டோஸ் 95 அதையே ஆரஞ்சு வரியாக்கிச்சு. சிட்டையைப் பேரேட்டுல ஏத்தி முடிச்சாச்சு, இனி கடையைச் சாத்தலாம். அந்த வரி சொன்னது இவ்வளவுதான்.

யூனிக்ஸ்காரங்களுக்கு இது முன்னாடியே தெரியும். பழைய யூனிக்ஸ்ல 30 வினாடிக்கு ஒரு தடவை கேஷை டிஸ்க்குல கொட்டுறதுக்குன்னே ஒரு புரோகிராம் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கும். அணைக்கிறதுக்கு முன்னாடி கையால 'சிங்க்' கட்டளையை அடிக்கிறது அவங்களுக்குப் பழக்கம்.

நமக்கு இதுல தனிப் பாடம் ஒண்ணு இருக்கு: மின்வெட்டு. 2012-ல சென்னையில தினமும் ரெண்டு மணி நேரம் அறிவிச்ச வெட்டு. மத்த மாவட்டங்கள்ல அதைவிடப் பல மடங்கு. அந்தக் காலத்துல டிடிபி சென்டர்ல யுபிஎஸ் கத்தினதும் எல்லாரும் சேவ், சேவ்னு அடிப்பாங்க. கேஷ்னா என்னன்னு தெரியாமலே சென்னைக்காரங்க கேஷோட சண்டை போட்ட காலம் அது.

சிட்டைக்குத் தனி டிஸ்க்

2011-ல கதை அடுத்த கட்டத்துக்குப் போச்சு. எஸ்எஸ்டி வந்தாச்சு, வேகமானது, ஆனா விலை அதிகம். 500 ஜிபி எஸ்எஸ்டி சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகாது. அந்த வருஷம் மே மாசம் இன்டெல் ஒரு வழி சொல்லுச்சு: ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் டெக்னாலஜி. பெரிய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு, அதுக்கு முன்னாடி கேஷா ஒரு சின்ன எஸ்எஸ்டி. அதுல 64 ஜிபி வரைக்கும் கேஷுக்கு ஒதுக்கலாம். விண்டோஸுக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்கா தெரியும். இதுலயும் ரெண்டு முறை இருந்துச்சு. என்ஹான்ஸ்டு முறை ரைட் த்ரூ. மேக்ஸிமைஸ்டு முறை ரைட் பேக். அடுத்து வந்த அல்ட்ராபுக் லேப்டாப்கள்ல 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோட 24 ஜிபி, 32 ஜிபி எஸ்எஸ்டி ஒட்டிக்கிட்டு வந்தது இப்படித்தான். 2017-ல ஆப்டேன்ங்கிற பேர்ல இன்டெல் இதே யோசனையை வேற நினைவகத்தோட கொண்டுவந்துச்சு. 2022-ல அதை மூடுறதா அறிவிச்சுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. முன்னாடியெல்லாம் சிட்டை ரேம்ல இருந்துச்சு, கரண்ட் போனா அழிஞ்சிடும். இப்போ சிட்டை எஸ்எஸ்டியில இருக்கு, கரண்ட் போனாலும் நிக்கும். அதனால அதை உடனே காலி பண்ண அவசரமும் குறைஞ்சுது. ஆனா எந்தப் பக்கம் எந்தப் பேரேட்டுப் பக்கத்தோடது, எது புதுசுங்கிற வரைபடம் விண்டோஸுக்குள்ள இருக்கிற டிரைவர் மென்பொருளுக்குத்தான் தெரியும். ஓஎஸ்ஸை மாத்தினா ரெண்டு நோட்டும் இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிஞ்ச கணக்குப்பிள்ளை இருக்கமாட்டார்.

ஓஎஸ் மாத்துறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. எல்காட் நிறுவனம் 2006, 2007 வாக்குல, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, தன்னோட அலுவலகத்தையே சூஸே லினக்ஸுக்கு மாத்திச்சு. 2007-ல சென்னை சி-டாக், டெபியன் அடிப்படையில பாஸ் லினக்ஸை வெளியிட்டுச்சு. 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின விலையில்லா லேப்டாப் திட்டத்துல விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டியில வந்துச்சு. ஆன் பண்ணதும் எது வேணும்னு கேக்கும். 'பூட்'ங்கிற சொல்லை ஒரு தலைமுறைப் பசங்க அங்கேதான் கத்துக்கிட்டாங்க, நானும்தான். 2014 ஏப்ரல் 8-ல விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்னப்போ, அரசுத் துறைகளை பாஸுக்கு மாறச் சொல்லி தமிழ்நாடு அரசு ஆணை போட்டுச்சு. 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கு அதே நிலைமை. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்க லினக்ஸ் பக்கம் திரும்புறாங்க. நல்ல முடிவுதான். அந்தப் பழைய லேப்டாப்கள்ல சிலதுலதான் இந்தச் சின்ன எஸ்எஸ்டி உக்காந்திருக்கு.

காலியா தெரிஞ்ச 32 ஜிபி

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. பேரு வேண்டாம். மனு எழுதித் தர்றவங்க. பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டுல பேர் சேர்க்கிறது, ஆர்டிஐ. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் விட்டுப்போனவங்களுக்கு ராத்திரி பகலா மனு எழுதினாங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்தெல்லாம் ஆள் வந்து வரிசையில நிப்பாங்க. எல்லாம் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்ல, 500 ஜிபி டிஸ்க்.

விண்டோஸ் ரொம்ப மெதுவாயிடுச்சுன்னு அவங்க பையன் லினக்ஸ் போட உக்காந்தான். இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், கெட்டிக்காரன். பயாஸ்ல சேமிப்பகத்தை ஏஹெச்சிஐ முறைக்கு மாத்தச் சொல்லி வீடியோவுல பார்த்தான், மாத்தினான். இப்போ இன்ஸ்டாலருக்கு ரெண்டு டிஸ்க் தெரிஞ்சுது. ஒண்ணு 500 ஜிபி, அம்மாவோட ஃபைல் எல்லாம் அதுல. இன்னொண்ணு 32 ஜிபி, உள்ள பார்டிஷனே இல்ல, காலி. அம்மா டிஸ்க்கைத் தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணி, காலியா இருந்த 32 ஜிபியில லினக்ஸைப் போட்டான். பொறுப்பான பையன் எடுக்கிற முடிவுதான் அது. ஆனா அந்தக் காலி டிஸ்க்தான் சிட்டை.

ரெண்டு நாள் கழிச்சு அக்கா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, ஃபோல்டர் எல்லாம் இருக்கு. தொறந்தா ஒண்ணும் புரியல. ஒரு ஆர்டிஐ அப்பீலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு."

ஆர்டிஐ சட்டப்படி முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. முதல் மனுவுல என்ன கேட்டிருந்தோம், பதில்ல எது விட்டுப்போச்சுன்னு வரிக்கு வரி காட்டித்தான் அப்பீலை எழுதணும். அந்த மனுவோட நகல் இந்த லேப்டாப்ல.

மீட்பு வேலை

முதல் வேலை, லேப்டாப்பை அணைச்சது. ஆன்ல இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஏதாவது எழுதிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, டிஸ்க் ரெண்டையும் கழட்டி டிடிரெஸ்க்யூ கருவியால முழு நகல் எடுத்தது. அந்தோனியோ தியாஸ் தியாஸ்ங்கிறவர் எழுதின குனூ மென்பொருள் அது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், மத்ததை முதல்ல எடுத்துட்டு, பிறகு திரும்பி வரும். 500 ஜிபி பழைய டிஸ்க், ஒரு ராத்திரி ஆச்சு. அதுக்கு அப்புறம் செஞ்சதெல்லாம் நகல் மேலதான். விண்டோஸ்ல பழுது பார்க்கிற செக் டிஸ்க்கை அசல் மேல ஓட்டவே இல்ல. பேரேடு பழசுங்கிறது அதுக்குத் தெரியாது. பொருந்தாத வரிகளைப் 'பிழை'ன்னு நினைச்சு அதுவே வெட்டிடும்.

பிறகு கிறிஸ்டோஃப் கிரெனியேவோட ரெண்டு கருவி. டெஸ்ட் டிஸ்க், பார்டிஷனையும் ஃபைல் பட்டியலையும் தேடித் தரும். ஃபோட்டோ ரெக், பட்டியலையே நம்பாம டிஸ்க்கை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் தடவிப் பார்க்கும். ஒவ்வொரு வகை ஃபைலும் ஒரு அடையாளத்தோட தொடங்கும். பழைய வேர்டு ஃபைலோட முதல் நாலு பைட்டைப் பதினாறடி எண்ணுல எழுதினா 'டாக் ஃபைல்'னு வாசிக்கிற மாதிரியே இருக்கும். ஃபோட்டோ ரெக் அதை வச்சுக் கண்டுபிடிக்கும். பேரும் ஃபோல்டரும் கிடைக்காது, உள்ளடக்கம் கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்க்ல பல வருஷத்து மனு முழுசா வந்துச்சு. கடைசி மூணு வாரம் மட்டும் சிக்கல். பேர் இருக்கு, உள்ள வேற ஃபைலோட துண்டு, இல்லன்னா வெறும் பூஜ்யம். அது சிட்டையில தேங்கி நின்ன பகுதி.

சரி, 32 ஜிபி எஸ்எஸ்டியில லினக்ஸ் பத்து ஜிபிதானே பிடிச்சிருக்கும், மீதியில பழைய சிட்டை இருக்காதான்னு கேப்பீங்க. இருந்திருக்கணும். ஆனா லினக்ஸ்ல எக்ஸ்ட் 4 முறையில ஃபார்மேட் பண்ணும்போதே, இந்த இடம் எதுவும் இனி தேவையில்லன்னு எஸ்எஸ்டிக்கு ஒரு தகவல் போகும். எஸ்எஸ்டி அதைக் கேட்டு அந்த இடங்களைக் கைவிட்டுடும். எஸ்எஸ்டி வேகமா இருக்கிறதுக்காகச் செய்யுற நல்ல காரியம்தான். அதனால நகல் முழுக்க பூஜ்யம். சிட்டை கிழிஞ்சு குப்பைக்குப் போயாச்சு. அதை எந்தக் கருவியும் திருப்பித் தராது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாலும் வராது.

எம், கே, செமிகோலன்

மீட்ட ஃபைல்களைத் திறந்தப்போ இன்னொரு அதிர்ச்சி. எல்லாமே ஆங்கிலக் கிறுக்கல். பையன் முகம் வாடிப்போச்சு. எல்லாமே கெட்டுப்போச்சுன்னு நினைச்சான். ஆனா இது வேற நோய்.

அக்கா டைப் பண்ணது பாமினி எழுத்துருவுல. அதுல கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளோட இடத்துல தமிழ் உருவங்களை வரைஞ்சு வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். 'அம்மா'ன்னு அடிச்சா டிஸ்க்குல சேமிக்கப்படுறது எம், கே, செமிகோலன், கே, ஹெச். பாமினி இருக்கிற மெஷின்ல அது அம்மா. பாமினி இல்லாத புது லினக்ஸ்ல அது எம் கே செமிகோலன்.

தமிழ்க் கம்ப்யூட்டிங் ரொம்ப நாள் இப்படித்தான் ஓடுச்சு. ஒவ்வொரு எழுத்துரு கம்பெனிக்கும் ஒரு முறை. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப்னு பொதுக் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் கொண்டுவந்துச்சு. யூனிகோடுல தமிழுக்கு 1991-லயே இடம் இருந்துச்சு. ஆனா விண்டோஸ்ல அது வந்தது விண்டோஸ் 2000-லதான். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமா அறிவிச்சது 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. அதுவரைக்கும் அடிச்ச மனு, ஆணை, பாடம், கதை எல்லாம் அந்தந்த எழுத்துருவோட தயவுலதான் வாழுது.

நல்ல விஷயம் என்னன்னா, இதுல ஒரு பைட்டும் தொலையல. மாத்தி எழுதினா போதும். அதுக்கு நியூ ஹொரைசன் மீடியாவோட என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி கருவிகள் இருக்கு, ஓப்பன் தமிழ் மாதிரி திறமூல நிரல்களும் இருக்கு. ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பாமினியில கண்ணுக்குத் தெரியுற வரிசையில அடிப்போம், 'கொ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடுல க முதல்ல வரும், உயிர்க்குறி பின்னாடி. கருவி எழுத்தை மாத்துறதோட வரிசையையும் மாத்தணும். ஒரு மத்தியானத்துல எல்லா மனுவும் தமிழாச்சு.

தொலைஞ்ச மூணு வாரம்? அக்காவே வழி சொன்னாங்க. பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு ஒவ்வொரு மனுவையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க. பிடிஎஃப் தன் எழுத்துருவைத் தனக்குள்ளேயே சுமந்துக்கிட்டுப் போகும், அதனால எங்கே திறந்தாலும் தமிழ். அந்த ஆர்டிஐ மனு அதுல இருந்துச்சு. அப்பீல் கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாடி தபால்ல போச்சு. பாதியில நின்ன, யாருக்கும் அனுப்பாத சில வரைவுகள் போனது போனதுதான். அதுக்குரியவங்களை மறுபடி உக்கார வச்சு, மறுபடி கேட்டு, மறுபடி எழுதினாங்க. ஒருத்தர் எண்ணூர்ல இருந்து ரெண்டு தடவை வந்தார், ரெண்டு நாள் கூலி போச்சு.

தொலைஞ்சது வேற, படிக்கத் தெரியாதது வேற

இது எங்க தெருப் பிரச்சினை மட்டும் இல்ல. 1986-ல பிபிசி, டூம்ஸ்டே புராஜெக்ட்னு ஒண்ணு செஞ்சுது. 1086-ல இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கோட 900-வது ஆண்டுக்காக, ஊர் ஊரா மக்களே தகவல் திரட்டி, லேசர் டிஸ்க்ல போட்டாங்க. 15 வருஷத்துல அதைப் படிக்கிற மெஷின் அரிதாயிடுச்சு. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பழைய மெஷினையே மென்பொருளா நடிக்க வச்சு 2002-ல அதைத் திறந்தாங்க. 1086-ல தோல்ல எழுதின புத்தகத்தை அந்த மொழி தெரிஞ்சவர் இன்னைக்கும் நேரா படிக்கலாம்.

ஒரு தகவலுக்கு மூணு பகுதி இருக்கு: பேரேடு, சிட்டை, ரெண்டையும் படிக்கிற அறிவு. ஓஎஸ் மாத்தும்போது பேரேட்டை எல்லாரும் ஞாபகமா பாதுகாக்குறோம். மத்த ரெண்டும் பழைய ஓஎஸ்ஸுக்குள்ள இருந்ததே அது போன பிறகுதான் தெரியுது. அறிவு போனா தேடிக் கண்டுபிடிக்கலாம், பிபிசிக்கும் பாமினிக்கும் நடந்தது அதுதான். சிட்டை அழிஞ்சா முடிஞ்சுது.

அதனால நீங்க மாத்தப் போறீங்கன்னா, பழைய விண்டோஸ் உயிரோட இருக்கும்போதே சிலதைச் செஞ்சுடுங்க. உங்க ஃபைலை வெளி டிஸ்க்ல நகல் எடுங்க, எடுத்ததை இன்னொரு மெஷின்ல திறந்து பாருங்க. லேப்டாப்ல கேஷ் எஸ்எஸ்டியோ ஆப்டேனோ இருந்தா, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருள்ல போய் அந்த இணைப்பை நிறுத்துங்க. நிறுத்தும்போதுதான் அது சிட்டையைப் பேரேட்டுல ஏத்தும், முடியுற வரைக்கும் பொறுங்க. உபுண்டு இன்ஸ்டாலர் 'ஆர்எஸ்டியை அணை'ன்னு ஒரு பக்கம் காட்டினா, இந்தக் கணக்கை முடிச்சிட்டு வான்னு அர்த்தம். பிட்லாக்கர் இருந்தா அதோட மீட்புச் சாவியைத் தாள்ல எழுதி வைங்க. விண்டோஸ் 8-ல இருந்து ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசா தூங்குறதில்ல, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்காகப் பாதி நினைவை டிஸ்க்ல மடிச்சு வச்சுக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் கொடுத்தா முழுசா அணையும். பழைய எழுத்துருவுல அடிச்சது இருந்தா, அந்த எழுத்துரு ஃபைலையும் சேர்த்து எடுத்து வைங்க.

மாத்துங்க, பயப்பட வேண்டாம். இன்ஸ்டாலர் ஒரு டிஸ்க்கைக் காலின்னு காட்டினா மட்டும், அது எதுக்காக அங்கே இருக்குன்னு விசாரிச்சிட்டு அப்புறம் கை வைங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.